வயலில் போட்ட மருந்து எங்கே போகிறது? வேளாண் ரசாயனங்களின் பயணத்தைக் கணக்கிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உரமும் களைக்கொல்லியும் பூச்சிக்கொல்லியும் வயலை விட்டு நீரிலும் மண்ணிலும் எப்படிப் பரவுகின்றன என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்க்கும் வேலை என்னுடையது. இந்தத் துறைக்குப் புதிதாக வரும் மாணவர்களும், நீர்வளப் பணிகளில் இருப்பவர்களும், தங்கள் கிணற்றுத் தண்ணீரை நினைத்துக் கவலைப்படுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சோதனைக்கு எடுக்கும் தண்ணீரையும் மண்ணையும் ‘மாதிரி’ என்றும், கணினியில் உருவாக்குவதை ‘மாடல்’ என்றும் சொல்கிறேன். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் பாதி வழியில் குழப்பம் வந்துவிடும்.

ரசாயனம் வயலை விட்டு எந்த வழியாக வெளியேறுகிறது?

மழைநீர் மண்ணின் மேலாக வழிந்து ஓடும்போது அதில் கரைந்து போகும். அரிப்பில் அடித்துச் செல்லப்படும் மண் துகளில் ஒட்டிக்கொண்டு போகும். நீரோடு கீழே இறங்கி நிலத்தடி நீரைச் சேரும். வயலுக்கு அடியில் வடிகால் குழாய் புதைத்திருந்தால் குறுக்கு வழியில் நேராக ஓடைக்கே போய்விடும். தெளிக்கும்போது காற்றில் அடித்துச் செல்வதும், பிறகு ஆவியாவதும் தனிக் கதை.

எந்த வழியில் எவ்வளவு போகும் என்பது ரசாயனத்தையும் மண்ணையும் பொறுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, போட்ட எத்தனையாவது நாளில் மழை வந்தது என்பதைப் பொறுத்தது. இந்தக் கடைசி விஷயத்துக்குக் கீழே பலமுறை திரும்பி வருவேன்.

போட்டதில் 99 சதவீதம் வயலிலேயே இருக்கும் என்கிறார்கள். அப்புறம் என்ன கவலை?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டேரில் 1 கிலோ களைக்கொல்லி தெளித்தார்கள். அதில் 1 சதவீதம், அதாவது 10 கிராம், ஒரே மழையில் வெளியேறியது. அந்த மழையில் 20 மி.மீ. நீர் வழிந்து ஓடியது என்றால், ஹெக்டேருக்கு 2 லட்சம் லிட்டர். 10 கிராமை 2 லட்சம் லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் வரும்.

குடிநீரில் எந்த ஒரு பூச்சிக்கொல்லியோ களைக்கொல்லியோ லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. நம் கணக்கில் வந்தது அதைப்போல 500 மடங்கு. அட்ரசின் என்ற களைக்கொல்லிக்கு அமெரிக்கா வைத்திருக்கும் வரம்பு 3 மைக்ரோகிராம். அதற்கும் 16 மடங்குக்கு மேலே நிற்கிறது. ஓடையில் மற்ற நீரோடு கலக்கும்போது நீர்த்துப் போகும், உண்மைதான். ஆனால் ஒரே பயிர் பரந்து கிடக்கும் இடத்தில் அக்கம்பக்கத்து வயல்கள் எல்லாவற்றிலும் அதே வாரத்தில் அதே மருந்துதான் விழுந்திருக்கும். அப்போது நீர்த்துப் போகச் செய்ய நல்ல தண்ணீர் எங்கிருந்து வரும்?

விவசாயியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த 10 கிராம் இழப்பே கிடையாது. களை செத்துவிட்டது, பயிர் நன்றாக இருக்கிறது. ஓடையில் வாழும் உயிர்களுக்குத்தான் அது பெரிய அளவு. இந்த இரண்டு பார்வைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை எண்ணாக்கிக் காட்டுவதுதான் இந்த வேலையின் பயன் என்று நினைக்கிறேன்.

தண்ணீரை எடுத்துச் சோதித்தால் போதாதா? மாடல் எதற்கு?

சோதனை இல்லாமல் மாடல் இல்லை. ஆனால் சிறிய ஓடையில் பூச்சிக்கொல்லியின் உச்சம் மழைக்குப் பிறகு சில மணி நேரமே நிற்கும். மாதம் ஒரு முறை பாட்டிலில் பிடித்தால், அந்த உச்சம் பெரும்பாலும் கண்ணில் படாமலே போய்விடும். பன்னிரண்டு பாட்டிலும் சுத்தமாக இருக்கும், ஆனால் அதே ஆண்டில் ஓடையில் மீனுக்கு உணவான பூச்சிகள் இரண்டு முறை செத்திருக்கும். அளந்த நாட்களுக்கு இடையில் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல மாடல் வேண்டும். அதைவிட, ‘இப்படிச் செய்தால் என்ன ஆகும்’ என்று கேட்பதற்கும் அது வேண்டும். இன்னும் நடக்காததை எந்தப் பாட்டிலிலும் பிடிக்க முடியாது.

மாடலுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

வரவு செலவுக் கணக்குதான். நிலத்தைச் சிறு சிறு துண்டுகளாகவும் மண்ணை அடுக்குகளாகவும் பிரித்துக்கொள்வோம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு நாளுக்கும், எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எவ்வளவு சிதைந்தது, மீதி எவ்வளவு என்று எழுதிக்கொண்டே போவோம். முதலில் தண்ணீருக்கு ஒரு கணக்கு, அப்புறம் மண் துகளுக்கு, அதற்குப் பிறகுதான் ரசாயனத்துக்கு. இந்த வரிசை முக்கியம். நீர்க் கணக்கில் பிழை இருந்தால், ரசாயனக் கணக்கை எத்தனை நுணுக்கமாகப் போட்டாலும் அது தப்பாகத்தான் வரும். புதியவர்கள் பலர் நேராக ரசாயனத்துக்குப் போய்விடுகிறார்கள். ஓடையின் நீரளவு மாடலில் பொருந்தி வரும் வரை ரசாயனப் பகுதியைத் திறக்கவே வேண்டாம் என்பது என் கண்டிப்பான ஆலோசனை.

மழையில் எவ்வளவு வழிந்தோடும், எவ்வளவு உள்ளே இறங்கும் என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

அதிகம் பயன்படுவது ‘கர்வ் நம்பர்’ முறை. 1950களில் அமெரிக்க மண் பாதுகாப்புத் துறை உருவாக்கியது. மண்ணின் வகை, பயிர், நிலத்தைப் பராமரிக்கும் விதம் ஆகியவற்றைப் பார்த்து நிலத்துக்கு ஓர் எண் கொடுப்பார்கள். 100க்கு அருகில் என்றால் சிமென்ட் தரை போல, விழுவதெல்லாம் ஓடும். எண் குறையக் குறைய மண் அதிகம் குடிக்கும்.

கணக்கு எளிது. 25,400ஐ அந்த எண்ணால் வகுத்து 254ஐக் கழித்தால், மண் பிடித்துவைக்கக்கூடிய அதிகபட்ச நீர் மி.மீ.யில் கிடைக்கும். கர்வ் நம்பர் 80 என்றால் 63.5 மி.மீ. அதில் ஐந்தில் ஒரு பங்கு, 12.7 மி.மீ., இலையிலும் பள்ளத்திலும் மண்ணின் மேல்தோலிலுமே தங்கிவிடும். அதுவரை ஒரு சொட்டும் ஓடாது. அதைத் தாண்டிய மழையை வர்க்கமாக்கி, அதே மழையோடு 63.5ஐக் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும்.

30 மி.மீ. மழைக்குப் போட்டுப் பாருங்கள். 17.3ஐ வர்க்கமாக்கி 80.8ஆல் வகுத்தால் 3.7 மி.மீ. அதே நிலத்தில் 60 மி.மீ. பெய்தால் 20.2 மி.மீ. மழை இரண்டு மடங்குதான் ஆனது, வழிந்தோடியதோ ஐந்து மடங்குக்கு மேல். ஆண்டின் ரசாயன இழப்பில் பெரும்பகுதி ஏன் ஒன்றிரண்டு பெருமழைகளிலேயே போய்விடுகிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. இப்போது நிலத்தை மாற்றிப் பாருங்கள். மண்ணை மூடாக்குப் போட்டுப் பேணி, எண் 65க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டால், அந்த 60 மி.மீ. மழையில் 6.3 மி.மீ. மட்டுமே ஓடும்.

இந்த முறையின் குறை, மழையின் வேகத்தை அது பார்ப்பதில்லை. 60 மி.மீ. ஒரு மணி நேரத்தில் கொட்டினாலும் நாள் முழுக்கத் தூறினாலும் ஒரே விடைதான். வேகம் முக்கியம் என்றால் கிரீன், ஆம்ப்ட் இருவரும் 1911இல் தந்த ஊடுருவல் சமன்பாட்டுக்குப் போக வேண்டும். அதற்கு மணிக்கணக்கிலான மழைத் தரவு தேவைப்படும்.

மண்ணுக்குள் இறங்கிய நீர் எப்படி நகர்கிறது?

பிரான்சின் திஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாய்களில் நீரை விட்டு அளந்து, 1856இல் ஒரு விதியை வெளியிட்டார். நீர்மட்ட வேறுபாடு கூடினால் ஓட்டம் கூடும், மணலின் நீளம் கூடினால் ஓட்டம் குறையும் என்பதுதான் அதன் சாரம். நிலத்தடி நீர் மாடல்கள் எல்லாம் இன்றும் இதன் மேல்தான் நிற்கின்றன. ஆனால் பயிரின் வேர் இருக்கும் மண்ணில் துளைகள் பாதி காற்றும் பாதி நீருமாக இருக்கும். அப்படிப்பட்ட மண்ணுக்கு டார்சியின் விதியை விரித்தவர் லோரன்சோ ரிச்சர்ட்ஸ், 1931இல். மண் உலர உலர நீர் போகும் வேகம் பல ஆயிரம் மடங்கு சரிவதால், அவருடைய சமன்பாட்டைத் தீர்ப்பது கணினிக்கே கடினமான வேலை.

ஒரே மண்தானே, நைட்ரேட் கிடுகிடுவென்று கிணற்றுக்குப் போகிறது, சில பூச்சிக்கொல்லிகள் அசைவதே இல்லையே?

ஒட்டும் தன்மைதான் காரணம். களிமண் துகளின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. நைட்ரேட்டுக்கும் எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒட்டாது, நீர் போகும் வேகத்திலேயே நைட்ரேட்டும் போகும். பல பூச்சிக்கொல்லிகளோ மண்ணின் மக்கில், அதாவது மக்கிப்போன இலைதழைகளில், ஒட்டிக்கொள்ளும். மக்கில் உள்ள கரிமக் கார்பனோடு எவ்வளவு ஒட்டும் என்பதற்கு ஒவ்வொரு ரசாயனத்துக்கும் ‘கரிமக் கார்பன் ஒட்டு எண்’ ஒன்று உண்டு.

அட்ரசினுக்கு அது ஏறத்தாழ 100. மண்ணில் 1 சதவீதம் கரிமக் கார்பன் இருந்து, மண்ணின் அடர்த்தி லிட்டருக்கு 1.4 கிலோவாகவும் நீரின் பங்கு 0.3 ஆகவும் இருந்தால், நீர் ஏறக்குறைய 5.7 செ.மீ. நகரும்போது அட்ரசின் 1 செ.மீ. நகரும். குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லியின் எண் பல ஆயிரம். 6,000 என்று எடுத்துக்கொண்டால், நீர் 281 செ.மீ. போனால்தான் அது 1 செ.மீ. போகும். அப்படியானால் அது பத்திரம் என்று அர்த்தமில்லை. மண்ணைவிட்டு நகராத பொருள் மண்ணோடு சேர்ந்து நகரும். அரிப்பு இருக்கும் சரிவான நிலத்தில் அது துகளின் முதுகில் ஏறி ஓடைக்குப் போய், அடிச்சேற்றில் படியும்.

இந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி மக்கைவிட இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளில்தான் அதிகம் ஒட்டுகிறது. மண்ணில் பாஸ்பேட் நிறைய இருந்தால் அதே இடங்களுக்கு இரண்டும் போட்டி போடும். கார்பனை மட்டும் பார்க்கும் மாடல் இங்கே ஏமாந்துவிடும்.

அரை ஆயுள் 60 நாள் என்றால், நாலு மாதத்தில் எல்லாம் போய்விடுமா?

போகாது. 60 நாளில் பாதி, 120 நாளில் கால்பங்கு, 180 நாளில் எட்டில் ஒன்று என்று குறையும். 1 கிலோ போட்டிருந்தால் ஆறு மாதம் கழித்தும் 125 கிராம் இருக்கும். அந்த 60 என்ற எண்ணும் பெரும்பாலும் ஆய்வகத்தில், 20 டிகிரி வெப்பத்தில், ஈரமான மேல்மண்ணில் அளந்தது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் சிதைவு சுமார் இரண்டரை மடங்கு மெதுவாகிவிடும். ஆழத்துக்குப் போகப் போக நுண்ணுயிர்கள் குறைவதால் இன்னும் மெதுவாகும். வேர்ப்பகுதியைத் தாண்டிவிட்ட மருந்துக்கு, மேல்மண்ணின் அரை ஆயுளைக் கொடுப்பது நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

சிதைந்தால் விஷயம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். சிதைந்து வரும் பொருளையும் கணக்கில் தொடர வேண்டும். டிடிடி சிதைந்து வரும் டிடிஇ மண்ணில் பல பத்தாண்டுகள் நிற்கும்.

பாஸ்பரஸுக்குத் தனிக் கவனம் ஏன்?

ஏரியில் பாசி பெருகுவதற்கு அதுதான் பெரும்பாலும் கடிவாளம். லிட்டரில் 0.1 மில்லிகிராமுக்கும் குறைவான பாஸ்பரஸே போதும், ஏரி பச்சையாகிவிடும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரில், ஈரி ஏரியில் பெருகிய நீலப்பச்சைப் பாசியின் நச்சு குடிநீரில் வந்ததால், நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சில நாட்களுக்குக் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் போனது. கொதிக்கவைத்தால் அந்த நச்சு போகாது. நீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். அந்தப் பாசிக்குத் தீனியாகும் பாஸ்பரஸில் பெரும்பங்கு மௌமி ஆற்றின் நீர்ப்பிடிப்பில் உள்ள விளைநிலங்களிலிருந்து வருகிறது.

மாடல் போடுகிறவருக்கு இதில் ஒரு சிக்கல். பாஸ்பரஸ் துகளில் ஒட்டிப் போகும் என்று நினைத்து, அரிப்பைத் தடுக்க உழவில்லா வேளாண்மையைப் பரிந்துரைத்தார்கள். அரிப்பு குறைந்தது. ஆனால் உழாத நிலத்தில் உரம் மேல் சில சென்டிமீட்டரிலேயே குவிந்து, வழிந்தோடும் நீரில் எளிதில் கரைந்தது. பாசிக்கு உடனே கிடைப்பது அந்தக் கரைந்த பாஸ்பரஸ்தான். அதனால் துகளோடு போவதையும் கரைந்து போவதையும் தனித்தனிப் பேரேடாக வைக்காத மாடலை நான் நம்புவதில்லை.

மாடல் சொல்வதைவிட முன்னதாகவே கிணற்றில் மருந்து வந்துவிடுகிறது. எப்படி?

மண் ஒரு சீரான பஞ்சு போல இல்லை. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் நீல நிறச் சாயம் கலந்த நீரை ஊற்றி, மறுநாள் பக்கவாட்டில் குழி வெட்டிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். மேலே ஐந்தாறு சென்டிமீட்டருக்கு எல்லா இடமும் நீலமாக இருக்கும். அதற்குக் கீழே மண் தன் நிறத்திலேயே கிடக்க, மண்புழுவின் துளை, செத்த வேர் விட்டுப்போன வழி, களிமண்ணின் வெடிப்பு வழியாக மட்டும் விரல் தடிமனில் நீலக்கோடுகள் ஒரு மீட்டர் ஆழம் வரை இறங்கியிருக்கும். அந்த வழியில் போகும் மருந்துக்கு மக்கோடு ஒட்ட நேரமில்லை. 281ல் ஒரு பங்கு என்ற கணக்கெல்லாம் அங்கே செல்லாது. இதற்காகவே மண்ணை இரண்டு உலகமாகப் பிரித்து, மெதுவான சிறு துளைகளுக்கு ஒரு கணக்கும் வேகமான பெருவழிகளுக்கு ஒரு கணக்கும் வைக்கும் மாடல்கள் உண்டு. வெடிப்பு விடும் களிமண் என்றால் அவை இல்லாமல் ஆகாது.

ஆற்றில் சேர்ந்த பிறகு?

நீரோடு நகரும், பக்கவாட்டிலும் நீளவாக்கிலும் விரியும், சிதையும், சேற்றில் படியும், வெள்ளத்தில் மறுபடி கிளம்பும். ஆற்று நீரின் தரத்தைச் சமன்பாட்டில் கொண்டுவந்த முன்னோடி வேலை, ஒஹையோ ஆற்றில் ஆக்சிஜன் குறைவதை ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்ஸும் 1925இல் கணக்கிட்டது. ஆற்றின் முடிவில் கடல் இருக்கிறது. மிசிசிப்பி கொண்டுவரும் நைட்ரஜனாலும் பாஸ்பரஸாலும் மெக்சிகோ வளைகுடாவில் ஒவ்வொரு கோடையிலும் ஆக்சிஜன் வற்றிய பகுதி ஒன்று உருவாகிறது. 2017இல் அது சுமார் 22,700 சதுர கிலோமீட்டருக்கு விரிந்திருந்தது.

எந்த மென்பொருளில் தொடங்கலாம்?

கேள்வியின் அளவைப் பாருங்கள். முழு நீர்ப்பிடிப்புப் பகுதி என்றால் ஸ்வாட். 1990களின் தொடக்கத்தில் ஜெஃப் ஆர்னால்டு அமெரிக்க வேளாண் துறைக்காக உருவாக்கியது, இலவசம். ஒரு வயலின் மண் அடுக்குகள் என்றால் ஹைட்ரஸ். நிலத்தடி நீர் என்றால் மாட்ஃப்ளோ.

என்ன தரவு வேண்டும்? எதில் அதிகம் தவறு நடக்கிறது?

மழை, வெப்பம், மண் வரைபடம், நிலச்சரிவு, பயிர், ஓடையின் நீரளவு. இவையெல்லாம் எப்படியோ கிடைத்துவிடும். கிடைக்காதது, எப்போது எவ்வளவு போட்டார்கள் என்ற விவரம்.

நான் வேலை பார்த்த ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில் எல்லா வயலுக்கும் உரம் போட்ட நாள் என்று ஒரே தேதியைக் கொடுத்திருந்தோம். மாடல் நைட்ரேட்டில் ஒரு பெரிய உச்சத்தைக் காட்டியது. ஓடையில் அளந்ததிலோ மூன்று சிறிய மேடுகள்தான் இருந்தன. மண்ணின் எண்களை வாரக்கணக்கில் மாற்றி மாற்றிப் பார்த்தோம், பொருந்தவில்லை. கடைசியில் விவசாயிகளிடம் நேரில் போய்க் கேட்டபோது, ஆளுக்கொரு நாளாக மூன்று வாரத்தில் போட்டிருந்தது தெரிந்தது. தேதிகளைப் பிரித்துக் கொடுத்ததும் மேடுகள் தாமாகவே வந்தன. அதற்குப் பிறகு வயலில் நின்று கேட்காமல் நான் எந்த மாடலையும் தொடங்கியதில்லை.

இன்னொன்று, அலகு. நைட்ரேட்டை முழு நைட்ரேட்டாகவும் எழுதுவார்கள், அதில் உள்ள நைட்ரஜனாக மட்டும் எழுதுவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவான 50 மில்லிகிராம் முதல் வகை. அமெரிக்க வரம்பான 10 மில்லிகிராம் இரண்டாவது வகை. இரண்டுக்கும் இடையில் 4.43 மடங்கு வித்தியாசம். ஆய்வக அறிக்கையில் எது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மாடல் சரியாக இருக்கிறது என்று எப்படி நம்புவது?

தரவில் ஒரு பகுதியை வைத்து மாடலைப் பொருத்துங்கள். அது பார்க்காத ஆண்டுகளை வைத்துச் சோதியுங்கள். நாஷ், சட்கிளிஃப் இருவரும் 1970இல் தந்த மதிப்பெண் பரவலாகப் பயன்படுகிறது. 1 என்றால் முழுப் பொருத்தம். 0 என்றால் சராசரியை எழுதிவைத்தாலே அவ்வளவு வந்திருக்கும். அதற்கும் கீழே போனால் சராசரியே மேல். மாத நீரளவுக்கு 0.5க்கு மேல் வந்தால் ஏற்றுக்கொள்வது வழக்கம். ஆனால் அந்த மதிப்பெண் பெரிய வெள்ளங்களுக்கு அதிக எடை கொடுக்கும் என்பதால், கோடையில் நீர் குறைந்து செறிவு ஏறும் நாட்களில் மாடல் படுமோசமாக இருந்தாலும் அது காட்டிக்கொடுக்காது. வரைபடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். மாடலுக்குள் போடும் எண்களை வெவ்வேறு விதமாக வைத்தாலும் அதே மதிப்பெண் வரக்கூடும் என்பதால், ஒரே விடை சொல்லாமல் ‘இதிலிருந்து இதுவரை’ என்று சொல்வதே நேர்மை.

எந்தத் தடுப்பு பலன் தரும் என்று மாடல் சொல்லுமா?

சொல்லும், ஒப்பிட்டுச் சொல்வதில் அது நன்றாகவே வேலை செய்யும். ஓடைக்கரையில் புல்வரப்பு விட்டால் துகளும் அதில் ஒட்டியதும் நன்றாகத் தங்கும். கரைந்தது அவ்வளவு தங்காது. அடியில் வடிகால் குழாய் ஓடினால் புல்வரப்புக்கு வேலையே இல்லை. பெருமழை வரப்போகிறது என்றால் தெளிப்பதைச் சில நாள் தள்ளிப்போடுவது, நான் போட்டுப் பார்த்த பல மாடல்களில் செலவே இல்லாமல் அதிகப் பலன் தந்தது. வழிந்தோடும் நீர் மண்ணின் மேல் ஒரு சென்டிமீட்டரிலிருந்துதான் ரசாயனத்தை எடுக்கிறது. கொஞ்சம் பொறுத்திருந்து, முதல் மழை மெல்லிய தூறலாக வந்து மருந்தை அந்த ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே இறக்கிவிட்டால், அடுத்த பெருமழைக்கு மேலே எடுத்துப்போக அதிகம் மிச்சம் இருக்காது.

இன்றே குறைத்தால் ஆறு எப்போது சுத்தமாகும்?

மேலாக வழிந்து வருவது அடுத்த மழைக்காலத்திலேயே குறையும். நிலத்தடி வழியாக வருவதற்கு டார்சியைத்தான் கேட்க வேண்டும். நீரைக் கடத்தும் திறன் நாளுக்கு 10 மீட்டராக உள்ள மணற்படுகை, நீர்மட்டத்தில் கிலோமீட்டருக்கு 3 மீட்டர் சரிவு, மணலின் கனஅளவில் 0.3 பங்கு துளை என்று வைத்துக்கொண்டால், நீர் நாளுக்கு 10 செ.மீ. நகரும். ஆண்டுக்கு 36.5 மீட்டர். ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி உள்ள வயலில் இறங்கிய நைட்ரேட் ஆற்றைத் தொட 27 ஆண்டுகள் ஆகும். அதனால் இப்படிப்பட்ட இடத்துக்கு மாடல் போடும்போது கணக்கை இந்த ஆண்டின் உரத்திலிருந்து தொடங்காதீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு அங்கே என்ன பயிர் இருந்தது, எவ்வளவு உரம் போட்டார்கள் என்று தேடிப்போய் அங்கிருந்து தொடங்குங்கள்.